கன்னிமூலைச் சாட்சி

“என் பேரு யுகேந்திரன், வயசு இருபத்தேழு. இப்ப இருக்கிறது ஓமன்ல, சோஹார் பக்கத்துல கம்பெனி கேம்ப். எங்க அம்மா பவித்ரா, தங்கச்சி தன்ஷிகா, ரெண்டு பேருக்காகவும் சேர்த்து இதைச் சொல்றேன்.”

சொல்லச் சொல்ல எழுத்துகள் கைபேசித் திரையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. இதுவரைக்கும் பிசகில்லை. இதற்கு அடுத்த வரியில்தான் யுகேந்திரனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து எத்தனையோ முறை வாயைத் திறந்தான், மூடினான். திரையின் அடியில் ஒரு குறிப்பு மட்டும் விடாமல் நின்றது: ‘பேசியதைத் திருத்தலாம். அழிக்க முடியாது. திருத்திய வரியும் தீர்ப்பாயத்துக்குத் தெரியும். வாய்மொழி விளக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு மூடப்படும்.’

நான்கு மணி என்பது வேதாரண்யத்து நான்கு மணி. இங்கே இரண்டரை. இப்போது ஒன்றேகால்.

வெள்ளிக்கிழமை என்பதால் கேம்ப்பில் ஆள் நடமாட்டம் இல்லை. நிலத்தில் துளைபோடும் லாரி சமையல்கூடத்துக்குப் பின்னால் நின்றது. அதன் முன் இருக்கையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறையில் இன்னும் ஐந்து பேர். அவர்கள் காதுபட இதைப் பேச முடியாது.

கதவு திறந்தது. நைனா முகமது இரண்டு தம்ளர் சுலைமானித் தேநீரோடு ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். தொண்டிக்காரன். லாரி அவனுடையது மாதிரி, அதன் துளைக்கருவி யுகேந்திரனுடையது மாதிரி இரண்டு வருஷமாக ஒன்றாக வேலை பார்க்கிறார்கள்.

“இன்னும் அதே மூணு வரியிலதான் நிக்கிறியா மாப்ள? நான் தொழுதுட்டு, சாப்டுட்டு, டீயும் போட்டுட்டு வந்துட்டேன்.”

“நாலாவது வரியைச் சொன்னா வேலை போயிடும் நைனா.”

“அப்ப அஞ்சாவது வரிய மொதல்ல சொல்லு.”

யுகேந்திரன் சிரிக்கவில்லை. நைனா தம்ளரை அவன் கையில் திணித்தான்.

“எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. ஊர்ல கேஸு. நிலம் உங்க அம்மாது. எதிராளி இறால் பண்ணை. இதுல ஒன் வேலை எங்கேருந்து வந்துச்சு?”

“அது மாமூலான கோர்ட்டு இல்ல. நில, நீர்த் தீர்ப்பாயம். ஊர்ல மண் கோர்ட்டும்பாங்க. வக்கீல் வேணும்னு இல்ல, வாயாலேயே மனு குடுக்கலாம். ரெண்டு பேரு உக்காருவாங்க. ஒருத்தரு சட்டம் படிச்ச நீதிபதி, இன்னொருத்தங்க மண்ணு, தண்ணி படிச்ச நிபுணர். ஊருக்கே வந்து, வயலைப் பாத்து, தொண்ணூறு நாள்ல தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடுவாங்க.”

“நல்லாத்தானே இருக்கு?”

“இருக்கும். ஆனா அவங்க ஆளை நம்ப மாட்டாங்க. கோலைத்தான் நம்புவாங்க.”

“நாம இங்க பேரீச்சந்தோட்டத்துல இறக்குறோமே, அந்தக் கோலா?”

“அதேதான்.”

சாட்சிக்கோல் என்பது முழங்கை நீளத்துக்கு ஒரு பீங்கான் குழாய். ஐந்தடி ஆழத்தில் புதைத்துவிட்டால் மணிக்கொரு தரம் மண்ணின் ஈரத்தையும் உப்பையும் அளந்து தீர்ப்பாயத்துக்கு நேராக அனுப்பும். யாரும் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அது வந்த பிறகு இருபது வருஷம் இழுக்கிற வழக்கு மூன்று மாதத்தில் முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை ஒன்றுண்டு. ‘என் கண்ணால் பார்த்தேன்’ என்று ஒரு மனிதர் வந்து நின்றால் அதற்குச் சாட்சியம் என்ற பெயர் போய்விட்டது. விளக்கம் என்றுதான் எழுதிக்கொண்டார்கள். கோல் சொன்னதற்கு விளக்கம்.

“ஏழு வருஷத்துக்கு முந்தி எங்க தாலுகாவுல கோல் இறக்குனவன் நான்தான்” என்றான் யுகேந்திரன். “லைசென்ஸ் வாங்கின புதுசு. பண்ணையிலேருந்து உப்புத்தண்ணி கசியுதான்னு பாக்கணும்னா கோலைப் பண்ணைப் பக்கமா இறக்கணும். அதான் சட்டம். எங்க பக்கம் பண்ணையெல்லாம் வயலுக்குத் தென்மேற்கே. தென்மேற்குன்னா கன்னிமூலை.”

“அதுக்கென்ன?”

“கன்னிமூலையில பள்ளம் தோண்டுனா வீட்டுத் தலைவனுக்கு ஆகாதும்பாங்க. ஒரு வீடு பாக்கியில்லாம மறிச்சாங்க. எங்க வீட்டுலேயே அப்பா படுக்கையில கிடந்தாரு. அங்க போயி தோண்டப்போறியாடான்னு அம்மா கேட்டா நான் என்ன செய்ய? வடகிழக்கே ஈசானிய மூலையில இறக்கிட்டுப் போன்னாங்க. இறக்கிட்டேன்.”

நைனா தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். எத்தனையோ கிணற்றுக்கு லாரி ஓட்டியவன். அவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“ஈசானியத்துலதானே எல்லாரும் போர் போடுவாங்க?”

“ஆமா.”

“அப்ப அந்தக் கோலு பண்ணையப் பாக்கல. ஒங்க போரைத்தான் பாத்துக்கிட்டு நின்னுருக்கு.”

“ஏழு வருஷமா. மோட்டார் ஓடுனா கீழேருந்து உப்பு ஏறும். எல்லா போருலேயும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கோல் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. பண்ணைக் குட்டையில தண்ணி ஏத்துனா அதுக்குத் தெரியறதே இல்ல.”

“நீ சர்டிபிகேட்டுல என்ன போட்ட?”

“தென்மேற்குன்னு. வேற திசை போட்டா டேப்லட்டு வாங்காது. சிவப்பு காட்டும்.”

“எத்தனை கோலு மாப்ள?”

“இருநூத்திப் பதினாலு.”

நைனா தம்ளரை டேஷ்போர்டில் வைத்தான்.

இனி நடக்கப்போவதும் யுகேந்திரனுக்குத் தெரியும். சான்றின்படி பண்ணைப் பக்கமே நிற்கிற கோல் பண்ணையைக் குற்றம் சொல்லவில்லை, மோட்டாரைத்தான் சொல்கிறது என்று தீர்ப்பாயம் எழுதும். சொந்த போரால் மண்ணைக் கெடுத்தவர் என்று முடிவானால் போரை மூடுவார்கள். ஆறு மா நிலமும், இரண்டு ஏக்கர், அலையாத்திக் காட்டுப் பட்டியலுக்குப் போகும். உடையவர் வெளியேற அறுபது நாள். அம்மாவுக்கு அந்த ஆறு மாவைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வீடும் அதன் ஓரத்தில்தான்.

நாலாவது வரியைச் சொன்னால் நிலம் தப்பலாம். பொய்ச் சான்று கொடுத்தவனுக்கு உரிமம் போகும், ஊருக்குப் போனால் சிறை. உரிமம் இல்லாதவனுக்கு இங்கே விசா ஒரு மாதம்கூட நிற்காது.

கைபேசி அதிர்ந்தது. தன்ஷிகா.

“அண்ணே, போனைப் பைக்குள்ள வச்சுக்கறேன். நீ பேசாத, கேட்டுக்கிட்டே இரு” என்று கிசுகிசுத்தாள்.

தீர்ப்பாயம் ஊரின் புயல் பாதுகாப்பு மையத்தில் உட்கார்ந்திருந்தது. உயரக் கூரைபோட்ட கூடம். யார் பேசினாலும் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு ஓர் ஆண் குரல் வாசிப்பதுபோலச் சொன்னது.

“மனுதாரர் வயலில் கோல் இருக்குமிடம் கருவி மூலம் சரிபார்க்கப்பட்டது. தென்மேற்கு மூலை. பண்ணைக் கரையிலிருந்து நான்கு அடி. கோல் பதில் ஒலி கொடுத்தது.”

யுகேந்திரன் நைனாவைப் பார்த்தான். வாயசைவில் மட்டும், “தென்மேற்கா?” என்றான்.

தன் கையால் ஈசானியத்தில் இறக்கிய கோல். மண்ணைப் போட்டு மிதித்த குதிகால்கூட ஞாபகம் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் எடுத்து மாற்றினார்களா? அவர்களுக்கு அதில் என்ன லாபம்?

“சர்டிபிகேட்டும் கோலும் ஒத்துப்போகுது” என்றது இன்னொரு குரல். பண்ணையின் வக்கீல். “இதுக்கு மேல பேச என்ன இருக்கு?”

“ஒண்ணு இருக்கு.” பெண் குரல், அவசரமில்லாதது. நிபுணர் உறுப்பினர் சௌமியா என்று போன அமர்வின்போதே தன்ஷிகா சொல்லியிருந்தாள். “ஏழு வருஷமா இந்தக் கோல் ஒரே மாதிரிதான் பேசிச்சு. மோட்டார் ஓடினா உப்பு ஏறும், நின்னா இறங்கும். போன மாசம் பதினேழாம் தேதியிலேருந்து தலைகீழா இருக்கு. மோட்டாரைக் கண்டுக்கவே இல்ல. அமாவாசைக் கடல் ஓதத்துக்கு நீங்க குட்டையை நிரப்பினீங்க. மறுநாள் உப்பு மூணு மடங்கு. பௌர்ணமிக்கு நிரப்பினீங்க. மறுபடியும் மூணு மடங்கு.”

“கோல் பழுதாகியிருக்கும் மேடம்.”

“பதினேழாம் தேதி மத்தியானம் நாப்பது நிமிஷம் அது வெறும் காத்தை அளந்திருக்கு. பழுதான கோல் அப்படிச் செய்யாது. யாரோ வெளியில எடுத்திருக்காங்க.”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. வக்கீலின் குரல் இப்போது உற்சாகமாக வந்தது. “அப்ப இது சாட்சியைக் கலைச்ச குற்றம். எடுத்தவங்களே அதுல உப்பைக் கொட்டியிருக்கலாம். மனுவைத் தள்ளுபடி செய்யணும், ஆளையும் விசாரிக்கணும்.”

“பவித்ரா” என்றார் நீதிபதி. “கோலை எடுத்தது நீங்களா?”

“எனக்குத் தெரியாதுங்க ஐயா.”

அம்மாவின் குரல். யுகேந்திரன் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“சர்டிபிகேட்டுல உரிம எண் மட்டும்தான் இருக்கு, பேரு வர நாளாகும்” என்றார் சௌமியா. “கோலை இறக்கினவர் யாருன்னு தெரியுமாம்மா? அவர் சொன்னா எனக்கு உதவியா இருக்கும்.”

அம்மா தொண்டையைச் செருமினாள்.

“யாரோ கம்பெனி ஆளுங்க. வந்தாங்க, இறக்குனாங்க, போனாங்க. முகம்கூட நெனப்புல இல்ல.”

யுகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். பெற்ற பிள்ளையை யாரோ என்று சொல்ல அவளுக்கு எத்தனை நாள் பழக வேண்டியிருந்ததோ.

“நாலு மணி வரைக்கும் பார்ப்போம்” என்றார் நீதிபதி. “விளக்கம் யாரும் தரலைன்னா பதினேழாம் தேதிக்கு அப்புறம் வந்த இந்த இருபத்தாறு நாள் பதிவையும் அடிச்சிட வேண்டியதுதான். மீதியுள்ள ஏழு வருஷத்தை வச்சுத் தீர்ப்பு.”

அழைப்பு அறுந்தது. இரண்டு நிமிடத்தில் தன்ஷிகாவே மறுபடி கூப்பிட்டாள். வெளியே வந்திருந்தாள் போல, காற்று இரைந்தது.

“கேட்டியாண்ணே?”

“பாப்பா, அந்தக் கோலு அங்க எப்படிப் போச்சு?”

அவள் கூடத்திலிருந்து இன்னும் தள்ளி நடக்கும் சத்தம் கேட்டது.

“தன்ஷிகா.”

“மொத அமர்வுல வக்கீலு கோல் இருக்கிற இடத்தைச் சரிபாக்கணும்னு கேட்டாருல்ல? அன்னையிலேருந்து அம்மா தூங்கல. வேற மூலையில இருக்குன்னு தெரிஞ்சா சர்டிபிகேட்டு போட்டவனைப் பிடிப்பாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்க. உன் சர்டிபிகேட்டு பொய்யாயிடக் கூடாதுன்னுட்டு…” அவள் மூச்சை இழுத்தாள். “அம்மா கடப்பாரை போட்டாங்க. நான் மண்ணை அள்ளுனேன். நீ எப்படி எழுதியிருந்தியோ அப்படியே கொண்டுபோய் வச்சிட்டோம்.”

“கன்னிமூலையில அம்மாவா தோண்டுனாங்க?”

“அப்பா படத்தைச் செவுத்துலேருந்து எறக்கி, துணியில சுத்திப் பொட்டிக்குள்ள வச்சுட்டுத்தான் தோண்டப் போனாங்க. அப்பாதான் இப்ப இல்லையே, இனிமே யாருக்கு ஆகாமப் போவப்போவுதுன்னாங்க.”

அப்பா அந்த வருஷக் கடைசியிலேயே போய்விட்டார். கன்னிமூலையை யாரும் தொடவில்லை. இருந்தும் போய்விட்டார்.

“போனை அம்மாட்ட குடு.”

கை மாறும் சத்தம். “தம்பி, சாப்பிட்டியா?”

“ஆச்சும்மா. அம்மா, இங்க பாருங்க…”

“நீ ஒண்ணும் சொல்லாத. எனக்குத் தெரியும், நீ அந்தப் போனை வச்சுக்கிட்டு உக்காந்துருப்ப. வாயைத் தொறக்காத. ஆறு மா போனாப் போவுது.”

“ஏழு வருஷத்துல இப்பத்தான் கோலு உண்மையைச் சொல்லுது. உப்பு பண்ணையிலேருந்துதான் வருது. உங்களுக்குப் புரியுதா? நீங்க மாத்துனதாலதான் அது தெரிஞ்சிருக்கு.”

“புரியாம என்ன? பயிரு பதராப் போனப்பவே எனக்குத் தெரியும், அதுக்குக் கோலு வேற வந்து சொல்லணுமா?” அவள் குரல் தணிந்தது. “அதை அவுங்க நம்பணும்னா என் புள்ளைய நான் குடுக்கணும்ங்கிறியா? நான் குடுக்க மாட்டேன். நாலு மணிக்கு எல்லாம் முடிஞ்சிடும். நாங்க திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கயாவது வாடகைக்குப் போயிக்கிறோம். நீ வேலையைப் பாரு.”

வைத்துவிட்டாள். மணி ஒன்று ஐம்பது.

நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே சொன்னான், “மாப்ள, சொல்றதுன்னா ஒங்க வயலை மட்டும் சொல்லு. ஒரு கோலு தப்பா இறங்கிருச்சு, புதுப்பய, தெரியல, மன்னிச்சிருங்கன்னு சொல்லு. ஒரு கோலுக்கு ஒரு வருஷம் சஸ்பெண்டோட விட்டாலும் விடுவான். இருநூத்திச் சொச்சத்தையும் எதுக்கு இழுக்குற?”

அதுதான் புத்திசாலித்தனம். யுகேந்திரனும் காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தரமும் ஆலங்கட்டளை பிரியதர்ஷினியின் முகம் குறுக்கே வந்தது.

எழுபத்தேழாவது கோல். பிரியதர்ஷினி பால்வாடியில் வேலை பார்ப்பவர். கணவர் கடலுக்குப் போகிறவர். “கன்னிமூலை வேணாம் தம்பி, அவரு கடல்ல இருக்காரு” என்று அவர் கும்பிட்டபோது யுகேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சொம்பு மோர் கொடுத்தார். கோலை ஈசானியத்தில் இறக்கிவிட்டு, மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கேம்ப்பில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு ஊர்ச் செய்தியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த வயல் வந்தது. தீர்ப்பாயத்தின் வெற்றிக்கதை என்று போட்டிருந்தார்கள். ‘தம் போரால் தாமே கெடுத்த நிலம் மீண்டும் காடாகிறது.’ வரிசை வரிசையாக அலையாத்திக் கன்றுகள். படத்தின் ஓரத்தில் ஒரு கதவில்லாத வீடு. அவன் அந்தச் செய்தியைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தான். அடுத்தது ஏதோ கிரிக்கெட்.

“நைனா, ஒருத்தங்க வீட்டை நான் தள்ளிட்டேன்” என்றான்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் இறங்கி நிக்கிறியா? நீ பக்கத்துல இருந்தா சிரிச்சிடுவேன், இல்லேன்னா அழுதுடுவேன்.”

நைனா இறங்கினான். கதவைச் சாத்துவதற்கு முன், “ஒன் லைசென்ஸு போச்சுன்னா அந்த மலபார்க்காரனை என் வண்டியில ஏத்திவிடுவாங்க. நாள் பூரா மலையாளத்துல தாசேட்டன் பாட்டுப் போடுவான். அதையும் யோசிச்சுக்க” என்றான்.

மணி இரண்டு ஐந்து. யுகேந்திரன் திரையைத் தொட்டான். மூன்று வரிக்குக் கீழே கோடு துடித்துக்கொண்டிருந்தது.

“இந்த வயல்ல கோல் இறக்குனது நான். சர்டிபிகேட்டுல இருக்கிற உரிம எண் என்னோடது. மனுதாரர் எங்க அம்மா. கோலை நான் தென்மேற்குல இறக்கல. வடகிழக்கு மூலையில, போருக்கு மூணு அடி தள்ளி இறக்குனேன். ஏழு வருஷமா கோல் சொன்னது எங்க போரைப் பத்தி. பண்ணையைப் பத்தி இல்ல. தென்மேற்குன்னு பொய்யா எழுதுனது நான்.”

நாக்கு இப்போது ஒட்டவில்லை. சறுக்கு மரத்தில் விட்டதுபோல வந்துகொண்டே இருந்தது.

“எங்க வயல் மட்டும் இல்ல. நான் இறக்குன இருநூத்திப் பதினாலும் அப்படித்தான். எந்த வீட்டுலேயும் கன்னிமூலையில தோண்ட விடல. அவங்க மேல தப்பு இல்ல. அது அவங்களோட பயம். எழுத வேண்டியதைச் சரியா எழுதாதது நான்தான். அந்தக் கோலை வச்சு முடிஞ்ச கேஸுங்க இருக்கு. ஆலங்கட்டளையில எழுபத்தேழாம் நம்பர் கோலு. அந்த அம்மா நிலம் இப்ப காடாயிருக்கு. அதையும் பாக்கணும்.”

மூச்சு வாங்கினான். இனி ஒன்றுதான் பாக்கி. நாற்பது நிமிடம் காற்றை அளந்த கோல். அதை எடுத்தது யார் என்று கேட்பார்கள். அவன் யோசிக்கவே இல்லை.

“போன மாசம் கோலை இடம் மாத்தச் சொன்னது நான்தான். போன்ல சொன்னேன். எதுக்குன்னு எங்க அம்மாவுக்குத் தெரியாது. அவங்களுக்கு இதுல சம்பந்தமில்ல.”

அந்த வரி திரையில் மற்ற வரிகளைப் போலவே அழகாக உட்கார்ந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் தென்மேற்கு என்று அடித்ததும் டேப்லட் பச்சை காட்டியதே, அதே மாதிரி.

கைபேசி அதிர்ந்தது. தன்ஷிகாவின் செய்தி. எழுத்துப் பிழைகளோடு, அவசரமாக.

‘அண்ணே அம்மா எந்திருச்சு சொல்லிட்டாங்க. கம்பனி ஆளு தென்மேற்குலதான் சரியா எறக்குனான், அவன் போனப்புறம் கன்னிமூலை ஆவாதுனு நாந்தான் தோண்டி ஈசானியத்துல வச்சேன், போன மாசம் பயந்து திருப்பி வச்சேன், அவனுக்கு ஒன்னும் தெரியாதுனு சொல்றாங்க. எழுதிக்கிட்டாங்க. நான் என்ன பண்ண’

யுகேந்திரன் அதை இரண்டு முறை படித்தான். அவன் சான்றை மெய்யாக்குவதற்காக அம்மா கோலையே தூக்கி நட்டவள். இப்போது ஏழு வருஷத்தையும் சேர்த்துத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அவன் சொன்னதும் அவள் சொன்னதும் நேருக்கு நேர் மோதும். பண்ணை வக்கீலுக்கு வேறு என்ன வேண்டும்? குடும்பமே பொய் சொல்கிறது, இரண்டையும் தள்ளுங்கள், இருபத்தாறு நாளையும் சேர்த்து அடியுங்கள் என்பான்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். அவள் சொன்னபடி இரண்டு தடவை தோண்டியிருந்தால் கோல் இரண்டு தடவை காற்றை அளந்திருக்க வேண்டும். ஏழு வருஷத்தில் அது ஒரே ஒரு தடவைதான் வெளிச்சத்தைப் பார்த்தது. அந்தச் சௌமியா இந்நேரம் அதைத் தேடிக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்தில் அம்மா பொய் சொன்னாள் என்று எழுதிக்கொள்வார். பிறகு அவள் எதைச் சொன்னாலும் பொய்தான்.

இரண்டு இருபத்தொன்று. அவன் கடைசி வரியைத் தொட்டான். திரை கேட்டது: ‘திருத்தவா?’ ஆமாம் என்றான். ‘போன மாசம் கோலை இடம் மாத்தச் சொன்னது நான்தான்’ என்ற வரியின் நடுவே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. வரி போகவில்லை. கோட்டுக்குப் பின்னால் தெளிவாகத் தெரிந்தது.

வெளியே நைனா லாரியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, கேட்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

யுகேந்திரன் கைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுவந்தான். இந்த முறை குரல் நடுங்கியது. நடுக்கத்தை அந்தக் கருவி எழுதாது.

“மேல சிவப்புக் கோடு போட்டிருக்கிற வரி பொய். அம்மாவைக் காப்பாத்தச் சொன்னேன். கோலை மாத்துனது எங்க அம்மாவும் தங்கச்சியும். ஒரே ஒரு தடவை, போன மாசம் பதினேழாம் தேதி. நான் சொல்லி இல்ல. என் சர்டிபிகேட்டு பொய்யாயிடக் கூடாதுன்னு அவங்களாவே செஞ்சாங்க. இப்ப அம்மா அங்க நின்னு சொன்னதும் பொய். என்னைக் காப்பாத்தச் சொல்லியிருக்காங்க. கோல்ல பாத்தா உங்களுக்கே தெரிஞ்சிடும், அது ஒரு தடவைதான் வெளிய வந்துருக்கு. நான் தப்பான இடத்துல வச்சேன். அவங்க தப்பான காரியம் செஞ்சு அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. உப்பு நாங்க கொட்டல. வேணும்னா அடுத்த அமாவாசை வரைக்கும் நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க.”

இரண்டு இருபத்தேழு. இன்னும் மூன்று நிமிடம். கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. அம்மாவுக்கு உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள், தன்ஷிகா சின்னப்பெண், அவளை விட்டுவிடுங்கள், எனக்கு வந்து சேர ஒரு வாரம் டைம் கொடுங்கள். எல்லாம் தொண்டைவரை வந்தது. அவன் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு, ‘அனுப்பு’ என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தான்.

“இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். எங்க ரெண்டு பேரு பேச்சையும் வேணும்னா அடிச்சிடுங்க. அந்த இருபத்தாறு நாளை மட்டும் அடிக்காதீங்க.”